சான்று ஆளுக்கா, திட்டத்துக்கா? டல்லாஸ் வான்மோதல் அறிக்கையின் ஒரு பத்தியை முன்வைத்து

2022 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டல்லாஸ் எக்ஸிகியூட்டிவ் விமான நிலையத்தில் நடந்த வான் சாகசக் காட்சியில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் இரண்டு நடுவானில் மோதின. பி-17ஜி குண்டுவீச்சு விமானத்தில் இருந்த ஐவரும் பி-63எஃப் போர் விமானத்தின் விமானியும் இறந்தனர். இவ்விபத்தைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வாசிப்பு வலுவாக வேரூன்றியிருக்கிறது: தரையிலிருந்து வானொலி வழியே விமானங்களை நடத்திய ‘ஏர் பாஸ்’ பிழை செய்தார், ஆகவே ஏர் பாஸ்களுக்கான தகுதிச் சான்றை இறுக்கினால் இத்தகைய மோதல்கள் குறையும். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024 டிசம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கையையே இவ்வாசிப்பு தனக்கு ஆதாரமாகக் கொள்கிறது. அறிக்கையின் காரணப் பத்தி அந்த முடிவைத் தாங்கவில்லை என்பது என் வாதம். அப்பத்தியைக் கவனமாகப் படித்தால், ஆளின் தகுதியை அடுத்த இடத்துக்குத் தள்ளி, எழுதி விளக்கப்பட்ட திட்டம் ஒன்று இல்லாததையே அது முதலில் நிறுத்துகிறது என்பது தெரியும். சீர்திருத்தமும் அந்த வரிசையைப் பின்பற்ற வேண்டும்.

கட்டுரையின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு குழுக்களாகப் பறக்கும் விமானங்களை ஒரே வான்வெளியில் பிரித்து வைக்கும் பொறுப்பைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். 2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூரு எலகங்காவில் ஒத்திகையின்போது சூர்யகிரண் அணியின் இரு விமானங்கள் மோதிக்கொண்டதை இதில் சேர்க்கவில்லை. நீண்ட காலம் சேர்ந்து பயின்ற ஒரே அணிக்குள் நடந்த மோதல் அது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் காட்சி காண வந்தவர்களில் ஐந்து பேர் இறந்ததும் வான்காட்சி நடத்துவோரின் பொறுப்பைப் பற்றிய பெருங்கேள்விதான். ஆனால் அது வெயில், கூட்டம், வெளியேறும் வழி ஆகியவை பற்றிய கேள்வி. தனியே ஆராயப்பட வேண்டியது.

காரணப் பத்தியின் அடுக்குகள்

பத்தி மூன்று அடுக்குகளாக அமைந்திருக்கிறது. முதல் அடுக்கு, விமானங்களுக்கிடையே இடைவெளி காக்கும் போதிய திட்டம் ஒன்று முன்கூட்டியே விளக்கப்படவில்லை என்கிறது. அதற்குப் பதிலாக, ஏர் பாஸ் அந்தந்த நேரத்தில் தரும் கட்டளைகளும், விமானிகள் ஒருவரையொருவர் ‘பார்த்து விலகும்’ முறையும் நம்பப்பட்டன என்கிறது. இக்குறை ஏர் பாஸ், நிகழ்ச்சி அமைப்பாளர் இருவர் மீதும் சேர்த்தே வைக்கப்படுகிறது. இரண்டாம் அடுக்கும் காரணம் என்ற தகுதியிலேயே வருகிறது: விமானிகளால் மற்ற விமானத்தைப் பார்த்து விலக இயலாமல் போனது. பறப்புப் பாதைகளின் வடிவம், விமானத்தின் உடற்பகுதிகள் பார்வையை மறைத்தது, காட்சிப் பறத்தல் கேட்கும் கவனச் சுமை, மனிதக் கண்ணுக்கு உள்ள இயல்பான வரம்புகள் ஆகியவை அங்கே வரிசையாகக் குறிக்கப்படுகின்றன. மூன்றாம் அடுக்குக்கு வரும்போதுதான் பத்தி ‘பங்களித்த காரணிகள்’ என்று தொனியை மாற்றுகிறது. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் இத்தகைய திட்டங்களை வகுக்கவும் இடர்களை மதிப்பிடவும் வழிகாட்டவில்லை என்பதும், ஏர் பாஸ்களை மறுபடி மறுபடி மதிப்பிட்டு நேரில் கண்காணிக்கும் ஏற்பாடு போதவில்லை என்பதும் அந்த அடுக்கில் இடம்பெறுகின்றன.

தகுதிச் சான்றை முதன்மைப்படுத்தும் வாசிப்பு, மூன்றாம் அடுக்கின் கடைசிப் பகுதியை எடுத்துப் பத்தியின் தலையில் வைக்கிறது. இதற்கு ஒரு நியாயம் சொல்ல முடியும்: ஒரு நிர்வாகத்தால் உடனே மாற்றக்கூடியது சான்றளிக்கும் முறைதான். ஆனால் எளிதாக மாற்றக்கூடியது என்பதால் ஒன்று முதன்மைக் காரணமாகிவிடாது.

இதைவிட முக்கியமான ஒன்று முதல் அடுக்கின் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. கட்டளைகள் தவறானவை என்று வாரியம் அங்கே சொல்லவில்லை. கட்டளைகளை நம்பியிருந்ததையே குறை சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் பெரிது. கட்டளை தவறு என்றால் மேலும் நல்ல ஏர் பாஸ் அதற்குத் தீர்வாவார். நம்பியிருந்ததே தவறு என்றால், எவ்வளவு நல்ல ஏர் பாஸும் அதற்குத் தீர்வாக மாட்டார்.

அன்றைய பறப்பைப் பற்றி வாரியத்தின் முதல்நிலை அறிக்கை தரும் விவரங்கள் என் வாசிப்பை உறுதி செய்கின்றன. மூன்று போர் விமானங்களின் அணியில் பி-63 மூன்றாவது. ஐந்து குண்டுவீச்சு விமானங்களின் அணிக்கு பி-17 தலைமை. இரு அணிகளும் ஓடுபாதையின் தென்மேற்கே சுற்றிவிட்டுக் காட்சிப் பகுதிக்குத் திரும்ப வேண்டும். போர் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி, குண்டுவீச்சு விமானங்களுக்கு முன்னால் சென்று, பார்வையாளர் எல்லையிலிருந்து 500 அடியில் உள்ள காட்சிக் கோட்டை ஒட்டிப் பறக்கும்படி ஏர் பாஸ் பணித்தார். குண்டுவீச்சு விமானங்களுக்கு 1,000 அடிக் கோடு தரப்பட்டது. எந்த அணி எந்த உயரத்தில் பறக்கும் என்ற பிரிவு பறப்புக்கு முந்தைய விளக்கக் கூட்டத்திலும் பேசப்படவில்லை, வானிலும் அறிவிக்கப்படவில்லை. போர் விமானங்கள் காட்சிப் பகுதியை நெருங்கியபோது இடப்பக்கம் சாய்ந்திருந்த பி-63, பி-17இன் இடப்பக்கத்தில் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் மோதியது.

காட்சிக் கோட்டின் வேலை என்ன?

அன்று இரு அணிகளையும் பிரித்து வைப்பதற்குக் கையில் இருந்தவை 500 அடி, 1,000 அடி என்ற இரண்டு கோடுகள்தான். இக்கோடுகள் எதற்காக வரையப்பட்டவை என்ற கேள்வி விபத்து பற்றிய எழுத்துகளில் உரிய கவனம் பெறவில்லை.

அவை பார்வையாளர்களைக் காக்க வந்தவை. 1951இல் கொலராடோவின் ஃபிளாக்லரில் சாகச விமானம் கூட்டத்துக்குள் விழுந்து 20 பேர் இறந்தனர். 1952இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் டி.எச். 110 விமானம் வானில் சிதைந்ததில் பார்வையாளர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தனர். இத்தகைய சாவுகளிலிருந்தே கூட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையே தூரம் விடும் விதிகள் வளர்ந்தன. அமெரிக்க முறையில் அத்தூரம் வேகத்தைப் பொறுத்தது: வேகமான விமானத்துக்கு 1,500 அடி, நடுத்தர வேகத்துக்கு 1,000 அடி, மெதுவானதற்கு 500 அடி. சிதறும் பாகங்கள் கூட்டத்தை எட்டக் கூடாது என்பதே இதன் கணக்கு. அந்தக் கணக்கில் இந்த விதி நன்றாக வேலை செய்திருக்கிறது. டல்லாஸிலும் பார்வையாளர் எவரும் இறக்கவில்லை.

ஆனால் அன்று அதே கோடுகளுக்கு இன்னொரு வேலையும் தரப்பட்டது: விமானத்தை விமானத்திடமிருந்து பிரிப்பது. கோடு அந்த வேலைக்கு உரியதல்ல. தன் மீது வந்து நிலைகொண்ட விமானத்தைத்தான் கோடு கட்டுப்படுத்தும். கோட்டுக்கு வந்து சேரும் வழியைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. மோதல் நடந்ததோ அந்த வந்துசேரும் வழியில்தான். வளைந்து திரும்பும் விமானங்கள் தத்தம் கோட்டைப் பிடிக்க முயலும் சில விநாடிகளில் 500 அடிக் கிடை இடைவெளி என்பது வரைபடத்தில் மட்டுமே இருக்கும். உயரப் பிரிவு அப்படியல்ல. ஓர் அணி மற்றதைவிடச் சில நூறு அடி மேலே பறக்க வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தால், திருப்பத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அது செல்லுபடியாகியிருக்கும்.

அப்பிரிவு இல்லாத நிலையில் எஞ்சியது விமானிகளின் கண். ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வரிசையில் மூன்றாவதாகப் பறப்பவரின் பார்வை முன்னால் செல்லும் விமானத்தின் மீது இருந்தாக வேண்டும். அவர் விலக வேண்டிய விமானமோ வேறு திசையில் இருக்கிறது. சாய்ந்து திரும்பும்போது சொந்த விமானத்தின் மூக்கும் இறக்கையும் வானத்தின் பெரும்பகுதியை மறைக்கின்றன. வாரியம் இதைப் பங்களித்த காரணி என்று தாழ்த்தாமல் காரணமாகவே பதிந்திருப்பது, பார்த்து விலகும் முறை அங்கே கடைசி அரணாகக்கூட நிற்க முடியாது என்பதைக் காட்டுவதாக நான் வாசிக்கிறேன்.

சான்று எதை அளக்கிறது?

தனியாகச் சாகசம் செய்யும் விமானிக்கான அமெரிக்கத் தகுதிச் சான்றை ஒப்புநோக்கினால் சிக்கல் தெளிவாகும். அச்சான்று படிநிலைகளாகத் தரப்படுகிறது: முதலில் 800 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது, பின்னர் 500 அடி, 250 அடி, கடைசியில் உயர வரம்பே இல்லை. மதிப்பீட்டாளர் விமானியின் பறப்பை நேரில் பார்க்கிறார். அவர் பார்க்கும் பறப்பும் கூட்டத்தின் முன் நடக்கப்போகும் பறப்பும் ஏறக்குறைய ஒன்றே: அதே விமானி, அதே வகை விமானம், அதே அசைவுகள். ஆகவே சான்று அளப்பதும் காட்சியில் ஆபத்துக்கு உள்ளாவதும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஏர் பாஸின் நிலை வேறு. அவருடைய அனுபவம், குரலின் தெளிவு, பதற்றமில்லாமை, விமானங்களைப் பற்றிய அறிவு ஆகியவற்றை மதிப்பிடலாம். ஆனால் அடுத்த சனிக்கிழமை எத்தனை அணிகள், எந்த வேகக் கலவையில், எந்த ஓடுபாதைக்கு மேல், எந்த வரிசையில் பறக்கும் என்பதை அந்த மதிப்பீடு அறியாது. ஒவ்வொரு காட்சியும் புதிய கலவை. ஆபத்து அந்தக் கலவையில் இருக்கிறது. சமையற்காரரின் கைப்பக்குவத்துக்குத் தந்த நற்சான்று இன்று உலையில் ஏறிய அரிசியைப் பற்றி எதுவும் சொல்லாது.

இங்கே வாரியத்தின் அறிக்கையிலிருந்தும் நான் சற்று விலகுகிறேன். ஏர் பாஸ்களை மறுபடி மறுபடி மதிப்பிட வேண்டும் என்பது சரியே. ஆனால் எதை வைத்து மதிப்பிடுவது? வானில் நிலைமை மாற மாற உடனுக்குடன் கட்டளை தரும் திறனே அளவுகோல் என்றால், மறுமதிப்பீடு எந்தப் பழக்கத்தை வாரியம் காரணமாகக் கண்டதோ அதே பழக்கத்துக்கு ஆண்டுதோறும் முத்திரை குத்தும். அந்தத் திறனில் சிறந்தவரிடம்தான் திட்டம் எழுதும் கட்டாயம் குறைவாக உணரப்படும் என்று அஞ்சவும் இடம் உண்டு. இது ஊகம்தான், நிறுவப்பட்ட முடிவல்ல. ஆயினும் முன்விளக்கம் ஏன் உயரப் பிரிவு இல்லாமலேயே ஏற்கப்பட்டது என்ற கேள்விக்கு, திறமையின் மீதிருந்த நம்பிக்கை என்பதைவிடப் பொருத்தமான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

ஷோரம் எழுப்பும் மறுப்பு

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று இங்கிலாந்திலிருந்து வருகிறது. 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோரம் வான்காட்சியில் ஹாக்கர் ஹன்ட்டர் ஜெட் விமானம் ஒரு வட்டச் சுழற்சியை முடிக்க முடியாமல் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தனர். அங்கே எழுத்து இருந்தது: அமைப்பாளர்களிடம் இடர் மதிப்பீட்டு ஆவணம் இருந்தது, விமானியிடம் காட்சி அனுமதி இருந்தது. அப்படியிருந்தும் அது நடந்ததே, பின் திட்டத்தை எழுதச் சொல்வதால் என்ன பயன் என்று கேட்கலாம்.

இம்மறுப்பை நான் முழுமையாக ஏற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: எழுதிவைத்த தாள் மட்டும் எவரையும் காப்பதில்லை. ஆனால் 2017இல் வெளியான பிரிட்டனின் விசாரணை அறிக்கை, தாள் ஏன் காக்கவில்லை என்பதையும் சொல்கிறது. விமானி எந்தெந்த அசைவுகளை எந்த நிலப்பரப்பின் மேல் செய்யப்போகிறார் என்பது காட்சியின் பறத்தல் இயக்குநருக்குத் தெரிந்திருக்கவில்லை. சுழற்சியின் உச்சியில் குறைந்தது 3,500 அடி வேண்டியிருக்க, விமானம் ஏறியது ஏறக்குறைய 2,700 அடி. இந்த எண்ணை முன்பே அறிந்து, அதைத் தொடாவிட்டால் எந்தத் திசையில் விலகுவது, கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் இரண்டாவது ஆள் எவரும் அந்த ஏற்பாட்டில் இல்லை. ஆக ஷோரம், திட்டத்தைப் படிக்கும் கண் வேண்டும் என்கிறது. திட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சான்று பெற்றவர்கள் அங்கேயும் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய போர் விமானங்களின் காட்சியில் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத முடியாது, எந்திரம் மக்கர் செய்யும், மேகம் இறங்கும் என்பது இன்னொரு மறுப்பு. மாறுதல் வருமென்று தெரிந்தால், மாறுதலிலும் மாறாத உயரப் பிரிவை வைத்துக்கொள்வதுதான் முறை. சிறிய ஊர்க் காட்சிகளுக்குச் செலவு கூடும் என்ற புலம்பலுக்கு நீண்ட பதில் தேவையில்லை: இரண்டு அணிகளின் உயரத்தைத் தாளில் எழுதி விளக்கக் கூட்டத்தில் வாசிக்கப் பெரும் பணம் வேண்டாம்.

முடிவாக

டல்லாஸ் அறிக்கையின் வரிசையை அப்படியே பின்பற்றினால், அனுமதி முதலில் அந்தக் குறிப்பிட்ட காட்சியின் இடைவெளித் திட்டத்துக்குத் தரப்பட வேண்டும். ஆளுக்கான சான்று அதற்கு அடுத்து வரட்டும். திட்டத்தில் ஒவ்வொரு அணியின் உயரம், காட்சிக் கோட்டுக்கு வந்துசேரும் வழி, அதைவிட்டு விலகும் வழி, ஒருவர் மற்றவரைக் காணாதபோது செய்ய வேண்டியது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். அதை எழுதியவர் அல்லாத ஒருவர் படித்துக் கையொப்பமிட வேண்டும். விளக்கக் கூட்டத்தில் சொல்லப்படாத எந்தக் குறுக்குப் பாதையையும் வானில் புதிதாகப் பிறப்பிக்க எவருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. நிறுத்தும் அதிகாரம் மட்டும் எல்லோருக்கும் இருக்க வேண்டும். அதன்பின் ஏர் பாஸை மதிப்பிடுபவரின் கேள்வியும் மாறும்: இவர் நெருக்கடியில் எவ்வளவு விரைவாக முடிவெடுக்கிறார் என்பதை விட்டு, திட்டம் குலைந்தவுடன் காட்சியை எவ்வளவு விரைவாக நிறுத்துகிறார் என்று கேட்பார். பி-17இன் ஐவரும் பி-63இன் விமானியும் அனுபவம் மிக்க ஒருவரின் குரலை நம்பிப் பறந்தார்கள். அந்த நம்பிக்கைக்குக் கீழே எழுதப்பட்ட ஓர் உயரம் இருந்திருக்க வேண்டும். அதை இனி விதியாக்குவது நிர்வாகத்தின் கடமை.