ஆளைக் கண்டால் அந்தரத்தில் நிறுத்து

பொழுதுபோக்காக ட்ரோன் விடும் நண்பர்களுக்காக எழுதிக் கொடுத்த ஐந்து வரிகள் இவை. ஒருவர் லேமினேட் செய்து ட்ரோன் பையிலேயே வைத்திருக்கிறார். நூல் செய்தவரே உரையும் செய்வது தமிழில் புதிதல்ல. இலக்கண விளக்கத்துக்கு வைத்தியநாத தேசிகரே உரை எழுதினார். அந்தத் தைரியத்தில் இது.

“ஒளிந்து நின்று ஓட்டாதே.”

வெயிலுக்குப் பயந்து காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னது. கீழே இருப்பவருக்குக் கேட்பது ஒரு ரீங்காரம், தெரிவது ஒரு புள்ளி. கல்யாண வீட்டு ஹெலிகேமா, நிலம் அளக்க வந்தவர்களா, போலீஸா என்று தெரியாததால் வருவதுதான் பாதிக் கோபம். ஆள் தெரிந்துவிட்டால் அது இறங்கிவிடும். ஆகவே வெட்டவெளியில், கழுத்தில் ரிமோட் தொங்க, யாரும் நடந்து வந்து கேட்கும்படி நிற்க வேண்டும். கிளப்பும் முன் பக்கத்து டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. ஊருக்குச் சேதி சொல்வதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

“ஆளைக் கண்டால் அந்தரத்தில் நிறுத்து.”

ஆள் என்றது, பேச வருகிறவரை. ஜிபிஎஸ் பிடித்திருக்கும் ட்ரோன், இரண்டு குச்சியையும் விட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். தென்னை மட்டைக்கும் மின்கம்பிக்கும் மேலே நிறுத்திவிட்டு, “ஒரு நிமிஷம் அண்ணே, இறக்கிட்டுப் பேசுறேன்” என்று சொன்னால் போதும். அதற்குமேல் சண்டை பிடிக்கிறவர் அபூர்வம். ஓட்டிக்கொண்டே வாதாடுவது ஆகாது. சின்ன ட்ரோனின் பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். வாக்குவாதத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. சார்ஜ் குறைந்தால் ட்ரோன் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். அதற்குள் அங்கே பத்துப் பிள்ளைகள் வட்டம் கட்டி நிற்பார்கள். உண்மையில் கோபமாக வருகிறவரைவிட, ஆசையாக ஓடி வரும் பிள்ளைகளுக்குத்தான் பயப்பட வேண்டும். இறக்கை விரலைக் கிழித்துவிடும். அவர்களில் வாயாடியாக ஒருவனைப் பிடித்து, மற்றவர்களைத் தள்ளி நிறுத்தும் பொறுப்பைக் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

“திரையைக் காட்டு, ரிமோட்டைக் கொடுக்காதே.”

ஐந்தில் முக்கியமானது இது. மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா இறங்கி வந்து, “எங்க வீட்டு மாடிய எதுக்குத் தம்பி படம் புடிக்கிற?” என்கிறார். “ஒண்ணுமே தெரியாதுக்கா” என்பதுதான் நம் ஆட்கள் எல்லோரும் சொல்லும் பதில். அது எப்போதும் உண்மையல்ல. பொழுதுபோக்கு ட்ரோன்களில் வழக்கமாக இருப்பது 24 மி.மீ. அகலக்கோண லென்ஸ். 120 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்தால் 180 மீட்டர் அகலம் படத்தில் விழும். 4கே படத்தில் குறுக்கே 3840 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 5 செ.மீ. ஒரு முகம் மூன்று நான்கு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அங்கிருந்து பெற்ற தாயையே அடையாளம் தெரியாது. அதே கேமரா 15 மீட்டர் தொலைவுக்கு வந்தால் முகத்துக்கு இருபத்தைந்து புள்ளி கிடைக்கும்; தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள். ஜூம் உள்ள மாடல் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே வாயால் சமாதானம் சொல்லாமல் திரையையே அக்காவின் பக்கம் திருப்ப வேண்டும். மாடியும் வடகமும் தெரிந்தால், “ஆமாக்கா, விழுந்திருக்கு” என்று ஒப்புக்கொண்டு, அவர் பார்க்கவே அந்தப் படத்தை அழித்துவிடலாம். ரிமோட்டை மட்டும் யார் கேட்டாலும், எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும், பறக்கும்போது கொடுப்பதில்லை.

“சட்டம் பையில் இருக்கட்டும்.”

சட்டம் தெரியாமல் பறக்கவிடு என்பதல்ல பொருள். 2021 ஆகஸ்ட் 25-இல் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். 250 கிராமுக்கு மேற்படாத நானோவுக்கும், 2 கிலோ வரையுள்ளதை வணிக நோக்கமில்லாமல் ஓட்டுவதற்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும். இதையெல்லாம் தெரிந்தவன், மாடியிலிருந்து இறங்கி வந்த அக்காவிடம் “இது கிரீன் ஜோன்” என்று ஆரம்பித்தால் கெட்டது. பச்சை மண்டலம் வானத்துக்குக் கிடைத்த அனுமதி. அடுத்த வீட்டுக் கொல்லைக்குள் எட்டிப் பார்க்க அல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியாகிவிட்டது. குளிக்கும் பெண்ணைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். ட்ரோனிலிருந்து எடுத்தாலும் அதேதான். படித்துறைப் பக்கமே போகாதே என்று நண்பர்களிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

காவல்துறையினர் வந்தால் மட்டும் பையைத் திறக்கலாம், அதுவும் இறக்கிய பிறகு. காவல் கண்காணிப்பாளர் அந்தஸ்துள்ள அதிகாரி ஓர் இடத்தைத் தற்காலிகமாக, ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை, சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். காலையில் பச்சையாக இருந்த இடம் மாலையில் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

“வேண்டாம் என்றவர் வீட்டுப் பக்கம் திரும்பாதே.”

இதற்கு உரை வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் தானாகத் திரும்பும் ட்ரோன் பெரும்பாலும் நேர்கோட்டில் வரும். சமாதானமாகிப் போன அக்காவின் மாடி அந்தக் கோட்டில் இருந்தால் அதற்கு மேலேயே வரும். அடுத்த பேட்டரியைப் போடும் முன் கிளம்பும் இடத்தை மாற்றிக்கொள்க.