புதுப்பாளையத்து ராட்டைகள்

அன்றைய சேலம் ஜில்லாவின் திருச்செங்கோட்டுத் தாலுகாவிலே, மழை பொய்த்த வருஷங்களில் உழவும் கூலியும் ஒருங்கே நின்றுபோன கிராமங்களின் நடுவே, 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், புதுப்பாளையம் ஜமீன்தார் மனமுவந்து அளித்த நிலத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்தபோது, அவர் நாடியது தர்மச் சோறு வழங்குவதன்று; ஏழை ஸ்திரீகள் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே கைக்கொள்ளத்தக்க ஒரு ஜீவனோபாயம்.

முறை எளியது. பஞ்சை நூற்றுச் சிட்டமாக்கிக் கொண்டுவரும் பெண்ணுக்கு, நூலை நிறுத்துப் பார்த்துக் கூலி. நூல் தறிக்குப் போகும். துணி விற்று வந்த பணம் மறுபடியும் பஞ்சாகும். இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடினால் பாவு அறுந்து நெசவாளி தவிப்பானாதலின், கருணையை முன்னிட்டுக் கெட்ட நூலை ஏற்பது இயலாது. இந்தக் கண்டிப்பே அம்முயற்சியின் உயிர்நாடி என்பது என் துணிபு.

ஆனால் மனைவி நூற்றுச் சேர்த்த காசு கணவனோடு கள்ளுக்கடைக்குப் போயிற்று. ஆகவேதான் 1929-இல், கல்கியின் துணையோடு, ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குப் பத்திரிகை ஆசிரமத்திலிருந்தே வெளிவந்தது.

1935-இல், நூற்போருக்கு ஜீவிதத்துக்குப் போதுமான கூலி கொடுத்தே தீரவேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்த, அகில பாரத சர்க்கா சங்கம் அதனை ஏற்றது. கூலி உயரக் கதரின் விலையும் உயர்ந்தது. அதிகப்படியான அணாக்களைக் கொடுக்க மனமுள்ள பட்டணவாசிகளைத் தேடுவது கதர் ஊழியரின் பெருங்கவலையாயிற்று.