அட்டையிலிருந்து செயலி வரை: வேலை தேடுவோரின் கதை



"ஏஐ வைத்து வேலை தேடுகிறவர்களுக்குச் செயலி செய்கிறாயாமே, அதைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை கொடு" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். என் செயலியைப் பற்றி மட்டும் எழுதினால் அது விளம்பரமாகிவிடும். வேலையையும் ஆளையும் சேர்த்துவைக்கக் கடந்த நூறு வருடங்களில் எத்தனையோ கருவிகள் வந்திருக்கின்றன. அந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பதுதான் எங்களுடையது. ஆகவே வரிசையைப் பற்றியே எழுதுகிறேன்.

கதவு கதவாக ஏறி இறங்கிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலை தேடுவது என்றால் ஆலை வாசல்களில் போய் நிற்பதுதான். இந்த ஆலையில் இல்லையென்றால் அடுத்த ஆலை. ஒரு தெரு தள்ளி ஆள் தேவைப்பட்டாலும் இங்கே நிற்பவனுக்குத் தெரியாது. இந்த அலைச்சலைக் குறைக்க வேண்டும் என்று வில்லியம் பெவரிட்ஜ் எழுதினார். அப்போது வர்த்தகத் துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 1909-ல் அதற்குச் சட்டம் கொண்டுவந்தார். 1910 பிப்ரவரி 1-ம் தேதி அரசின் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறந்தன. ஆள் வேண்டும் என்ற செய்தியும் வேலை வேண்டும் என்ற செய்தியும் ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்தன. இன்றைய எல்லாச் செயலிகளுக்கும் இதுதான் மூலம்.

நம்ம ஊர் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்

நம் நாட்டில் இது போருக்குப் பின் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர 1945-ல் மத்திய அரசு ஒரு துறையை ஏற்படுத்தியது. 1947-ல் பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களும் அதன் பொறுப்பில் சேர்ந்தார்கள். 1948-ல் எல்லோருக்கும் கதவு திறந்தது. சிவராவ் கமிட்டியின் பரிந்துரைப்படி 1956 நவம்பர் 1 முதல் அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது.

1959-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 1960 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆனால் நம்மில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தெரிவிப்பதுதான் கட்டாயம்; அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை.

பதிவு செய்வது எப்படி என்று நம் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. பத்தாவது முடித்ததும் பதிவு, பன்னிரண்டு முடித்ததும் பதிவு, டிகிரி முடித்ததும் கூடுதல் தகுதி பதிவு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் சீனியாரிட்டி போச்சு! அந்த அட்டையைத் தாலிச் சங்கிலிக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்துப் பூட்டிய அம்மாக்கள் உண்டு.

மனிதன் எண்ணாக மாறினான்

அந்த அலுவலகத்துக்குள் நடந்த வேலை ஓர் இன்ஜினீயருக்கு ரொம்பவே சுவாரஸ்யமானது. வேலை கேட்பவருக்கு ஓர் அட்டை, காலியிடத்துக்கு ஓர் அட்டை. இரண்டையும் பொருத்த வேண்டும். ஒருவர் 'ஃபிட்டர்' என்பார், இன்னொருவர் 'மெக்கானிக்' என்பார். பெயர்களை நம்பிப் பொருத்த முடியாது. அதனால் 1958-ல் தேசியத் தொழில் வகைப்பாடு என்ற தொகுப்பு வெளியானது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண், அதில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு விளக்கம். 1968, 2004, 2015 ஆகிய வருடங்களில் அதைத் திருத்தினார்கள்.

எண் வந்ததும் பொருத்துவது சுலபமாயிற்று. ஆனால் எண்ணுக்குள் அடங்காதது விடுபட்டது. பகலில் லேத் ஓட்டி, மாலையில் முதலாளியின் கணக்கும் எழுதிய ஒருவருக்கு எந்த எண்? ஏதோ ஒன்றைக் குமாஸ்தா எழுதுவார், மற்றது போய்விடும். ஆனாலும் ஒரு வசதி இருந்தது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். தப்பு என்றால் கவுண்டரில் நின்று "சார், இதையும் சேர்த்துக்குங்க" என்று சொல்லலாம். "எனக்கு ஏன் கார்டு வரவில்லை?" என்று கேட்டால் "உங்க சீனியாரிட்டிக்கு இன்னும் வரலை" என்ற பதிலாவது கிடைக்கும். கசப்பான பதில்தான். ஆனால் பதில்!

பத்திரிகை, பிறகு இணையம்

1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே, 1997-ல், நௌக்ரி டாட் காம் வந்தது. வீட்டிலிருந்தே ஆயிரம் இடங்களுக்கு பயோடேட்டா அனுப்பலாம் என்றானது. நல்லதுதான். ஆனால் கம்பெனிக்கு வந்து குவிந்த அத்தனையையும் யார் படிப்பது? கம்ப்யூட்டரை விட்டு வார்த்தை தேடச் சொன்னார்கள். 'வெல்டிங்' என்ற சொல் இருந்தால் உள்ளே, 'பற்றவைப்பு' என்று எழுதியிருந்தால் வெளியே! கவுண்டர் மறைந்தது. பதிலும் மறைந்தது.

இயந்திரம் கற்றுக்கொண்ட பாடம்

வார்த்தை தேடுவது போதாது, ஆளையே எடைபோடட்டும் என்று அமேசான் நிறுவனம் 2014-ல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. பத்து வருட விண்ணப்பங்களைக் கொடுத்து இயந்திரத்தைப் பழக்கினார்கள். அவற்றை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இயந்திரம் என்ன கற்றது தெரியுமா? பெண்கள் கல்லூரி, பெண்கள் சங்கம் என்று வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை வராமல் கைவிட்டார்கள். 2018-ல் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது.

அதே ஆண்டு ஆஸ்திரியா நாட்டின் அரசு வேலைவாய்ப்புத் துறை ஒரு கணக்கீட்டை அறிவித்தது. வேலை தேடுவோரை மூன்று பிரிவாக்கி, யாருக்கு எவ்வளவு உதவி என்று முடிவுசெய்ய அது பயன்படும். பெண் என்றால் அதில் மதிப்பு குறையும். 2020-ல் அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. பிறகு வழக்கு நீதிமன்றங்களில் நீண்டது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய ஏஐ சட்டம், ஆளெடுப்புக்குப் பயன்படும் ஏஐ-யை அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்திருக்கிறது.

எங்கள் செயலி

இந்தக் கதையைப் படித்த பிறகுதான் நானும் மூன்று நண்பர்களும் எங்கள் செயலிக்கு வரைபடம் போட்டோம். போன கவுண்டரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே நோக்கம். வேலை தேடுபவர் தமிழில் பேசினால் போதும், செயலி பயோடேட்டா எழுதித் தரும். இங்கேதான் பெரிய சிக்கல். ஏஐ-க்கு அலங்காரம் பிடிக்கும். "லேத் ஓட்டினேன்" என்று ஒருவர் சொன்னால் "உற்பத்திப் பிரிவை வழிநடத்தினார்" என்று எழுதிவிடும். இண்டர்வியூவில் மாட்டுவது அந்தப் பையன்தானே? அதனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அவர் சொன்ன எந்த வாக்கியத்திலிருந்து அது வந்தது என்று காட்டுகிறோம். ஆதாரம் இல்லாத வரி அழிந்துவிடும். ஒருவருக்கு எத்தனை தொழில் தெரியுமோ அத்தனையும் பதிவாகும். லேத்தும் உண்டு, கணக்கும் உண்டு.

வேலையைப் பொருத்தும் இடத்தில் பெயர், ஆணா பெண்ணா, சாதி, புகைப்படம் எதையும் இயந்திரத்துக்குக் கொடுப்பதில்லை. அது மட்டும் போதாது என்பதை அமேசான் கதையே சொல்கிறது. கல்லூரியின் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கல்லூரிப் பெயரையும் மறைக்கிறோம். "இந்த வேலைக்கு உங்களிடம் இது இருக்கிறது, இது இல்லை" என்று காரணத்தைத் தமிழில் சொல்கிறோம். அந்தக் காரணம் தப்பென்றால் அவரே திருத்தலாம்.

ஒரு வேண்டுகோள்

எங்களால் முடியாத ஒன்று இருக்கிறது. கம்பெனி ஏன் நிராகரித்தது என்பது கம்பெனிக்குத்தான் தெரியும். நம் சங்கத்தில் இன்று மேனேஜர்களாகவும் முதலாளிகளாகவும் இருந்து ஆளெடுக்கும் அண்ணன்மார், அக்காமார் பலர் இருக்கிறீர்கள். நிராகரிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு வரி காரணம் எழுதி அனுப்புங்கள். 'ஆட்டோகேட் தெரியவில்லை', 'இரண்டு வருட அனுபவம் வேண்டும்', அவ்வளவுதான். அந்த ஒரு வரி கிடைத்தால் அடுத்த ஆறு மாதத்தில் எதைப் படிப்பது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

இந்தச் சந்திப்பு நாளில் மதிய உணவுக்குப் பின் நூலக வராந்தாவில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்போம். ஆளெடுக்கிறவர்களும் வாருங்கள், வேலை தேடும் தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!