தஞ்சையில் வளர்ந்த ஒரு மருந்துச்சாலை

தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலையிலும், கும்பகோணம், மயிலாடுதுறை முதலிய ஊர்களின் கடைவீதிகளிலும் ஒரே பெயர்ப்பலகையைத் தாங்கி, ஒரு புறம் மாத்திரைகளும் மறுபுறம் முகப்பூச்சுகளும் வாசனைச் சோப்புகளுமாக நிற்கும் கிளைக் கடைகளைக் காண்பவர்கள், மருந்து வியாபாரம் ஓர் ஊரின் எல்லையைக் கடந்து பெரிய ஸ்தாபனமாக விருத்தியடைந்தது நம் காலத்தில்தான் என்று எண்ணுவது இயல்பே. அப்போலோ நிறுவனத்தின் மருந்துக் கடைகள் 1987இல் தோன்றின. மருந்தையும் அழகுப் பொருள்களையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் ஹெல்த் அண்ட் குளோ சென்னையில் 1997இல் தொடங்கியது. ஆயினும் இவற்றுக்கெல்லாம் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே, கிளை எதுவும் இல்லாமல், தஞ்சையில் இருந்த ஒரே மருந்துச்சாலையிலிருந்து கடல் கடந்த ஊர்கள்வரை ஔஷதங்களை அனுப்பிவந்த ஒரு மனிதர் இருந்தார் என்பதை இந்த ஜில்லாவாசிகளே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள்.

மருந்தும் அழகும் ஒரே கடையில் விற்கப்படுவதும் நமக்குப் புதிதன்று. நாட்டு மருந்துக் கடைக்காரர் சுக்கு, திப்பிலி, அதிமதுரம், கடுக்காய் ஆகியவற்றை நிறுத்துக் கொடுக்கும் அதே தராசில்தான் கஸ்தூரி மஞ்சளையும், பூலாங்கிழங்கையும், கார்போக அரிசியையும், வெட்டிவேரையும் நிறுத்துக் கொடுத்தார். பிள்ளைபெற்றாள் மருந்துக்கு வேண்டிய சரக்கும், பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் பொடிக்கு வேண்டிய சரக்கும் ஒரே சீட்டில் எழுதப்பட்டன. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 1962இல் திருத்தப்பட்டு அழகுப் பொருள்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டபோது, கடைவீதி நெடுங்காலமாக அறிந்திருந்த ஓர் உறவை அரசாங்கமும் அங்கீகரித்தது என்றே கொள்ளலாம்.

தஞ்சையில் வைத்தியம் கடைவீதியோடு நின்றுவிடவுமில்லை. மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) நிறுவிய தன்வந்திரி மகால், நாட்டு வைத்தியமும் மேனாட்டு வைத்தியமும் அருகருகே ஆராயப்பட்ட இடமாக விளங்கியது. அங்கே திரட்டப்பட்ட முறைகள் சரபேந்திர வைத்திய நூல்களாகச் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அது சமஸ்தானத்தின் ஆதரவில் நின்ற காரியம். அரசு போனபின் அந்த ஆதரவும் போயிற்று. வைத்தியம் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டுமாயின், அதற்கு வேறொரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழியைக் கண்டவர் ஆபிரகாம் பண்டிதர். தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் சித்த வைத்தியம் பயின்று, பிறகு தஞ்சைக்கு வந்து பெண்கள் பள்ளியொன்றில் தமிழாசிரியராக அமர்ந்த அவர், 1890ஆம் ஆண்டையொட்டி அந்த உத்தியோகத்தை விட்டு வைத்தியத்தையே முழுநேரத் தொழிலாக மேற்கொண்டார். மாதச் சம்பளத்தை உதறிவிட்டு, அரசர் ஆதரவும் ஜமீன்தார் ஆதரவும் இல்லாத காலத்தில், மாத்திரை உருட்டிப் பிழைக்கத் துணிந்த அந்த நெஞ்சுறுதியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அவருடைய மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் அதே பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர்.

கருணாநிதி வைத்தியசாலை என்று அவர் பெயரிட்ட அந்த ஸ்தாபனம் வளர்ந்த விதம் ஆராயத்தக்கது. கைராசியுள்ள வைத்தியர்களுக்குக் காவிரிக் கரையில் என்றுமே குறைவிருந்ததில்லை. ஆனால் அவர்களுடைய கீர்த்தி வண்டி மாடு ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரத்தோடு நின்றுவிடும். பண்டிதரோ, நோயாளி வைத்தியரைத் தேடி வரும் ஏற்பாட்டை மாற்றி, மருந்து நோயாளியைத் தேடிப் போகும் ஏற்பாட்டைச் செய்தார். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861லேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. 1877இல் தபால் இலாகா கொண்டுவந்த வி.பி.பி. முறையினால், முன்பின் பார்த்திராத ஊரிலுள்ள ஒருவர் சரக்கைக் கையில் வாங்கும்போதே பணத்தைத் தபால்காரரிடம் செலுத்திவிட, அந்தப் பணம் தஞ்சைக்கு வந்து சேர்ந்தது. குருவின் பெயரால் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்று வழங்கப்பட்ட அவருடைய ஔஷதங்கள், அவற்றுள்ளும் முக்கியமாகக் கோரோசனை மாத்திரைகள், இந்த இரண்டு வசதிகளையும் துணைக்கொண்டு இந்தியா முழுவதிலும் இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் பிரசித்தி பெற்றன. தமிழர்கள் பிழைப்புத் தேடிப் போன இடங்களுக்கெல்லாம், ஊரில் பாட்டி உரைத்துக் கொடுத்த மருந்தின் ஞாபகமும் கூடவே போயிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வெற்றிக்குக் காரணம் விளங்கும்.

மருந்தின் பெயர் பரவியதும் மூலிகைக்குப் பிறரை நம்பியிருக்க இயலாது. ஆகவே நகருக்கு வெளியே நிலம் வாங்கிக் கருணானந்தபுரம் என்ற பண்ணையை அவர் உண்டாக்கினார். ஊரார் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். மூலிகைகளோடு கரும்பு முதலிய பயிர்களிலும் அங்கே சிரத்தையுடன் சோதனைகள் நடந்தன. இந்தப் பணிகளுக்கிடையே அரசாங்கத்தின் ராவ் சாகிப் பட்டமும் 1909இல் அவருக்கு வந்தது. நெல்லைத் தவிர வேறொன்றையும் பயிர் என்று மதிக்கத் தயங்கும் இந்தச் சோழ மண்டலத்தில், ஒரு வைத்தியர் மருந்துச் செடிக்காகப் பண்ணை வைத்தது சாதாரண காரியமன்று. பின்னர் சென்னை கவர்னர் லாலியின் பெயரால் மின்சாரத்தில் இயங்கும் அச்சுக்கூடம் ஒன்றும் அவருக்குச் சொந்தமாயிற்று.

இதே காலத்தில் இங்கிலாந்திலும் இதற்கு ஒத்த ஒரு வரலாறு நிகழ்ந்தது. நாட்டிங்ஹாம் நகரில் ஜான் பூட் என்பவர் 1849இல் திறந்ததும் ஒரு மூலிகைக் கடையே. தந்தை இறந்தபின் தாயோடு அக்கடையை நடத்திய ஜெஸ்ஸி பூட், மலிவான விலையையும் கிளைகளையும் நம்பி, 1914க்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட கடைகளை நாடெங்கும் நிறுவினார். 1920இல் அந்த ஸ்தாபனம் அமெரிக்கர் கைக்கு மாறியது. 1935இல் நம்பர் செவன் என்ற அழகுப் பொருள்களை வெளியிட்டது. ஜெஸ்ஸி பூட் தம் செல்வத்தில் பெரும்பங்கை நாட்டிங்ஹாமின் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அளித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் கடைகளைப் பெருக்கினார். பண்டிதர் தபால் பொட்டலங்களைப் பெருக்கினார். ஈட்டிய பொருளைத் தம் ஊரின் கல்விக்கே திருப்பியளித்ததில் இருவரும் ஒன்றுபட்டனர்.

பண்டிதருக்குக் கல்வி என்பது சங்கீதம். கோரோசனை மாத்திரையில் வந்த திரவியத்தைக் கொண்டு 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை ஸ்தாபித்து, 1916க்குள் ஏழு மாநாடுகளைக் கூட்டி, வந்த வித்துவான்களைப் பெரும்பாலும் தம் சொந்தச் செலவிலேயே உபசரித்தார். ஸ்தாயியைப் பகுக்கும் சுருதிகள் 22 என்ற வழக்கமான கணக்கை மறுத்து, பழந்தமிழ் இசையில் அது 24 என்று நிலைநாட்ட முனையும் ‘கருணாமிர்த சாகரம்’, ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய பெருநூலாக 1917இல் அவருடைய அச்சுக்கூடத்திலேயே அச்சாயிற்று. வேறெந்தப் பதிப்பாளரும் அத்தகைய நூலை ஏற்றிருப்பாரா என்பது ஐயமே. அதன் முடிவுகளை இன்றைய ஆராய்ச்சியாளர் எல்லோரும் ஏற்பதில்லை. ஆயினும் தமிழிசை பற்றிய விவாதம் அதைத் தொடாமல் நகர்வதுமில்லை.

1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டில் பண்டிதர் தம் கொள்கையை விளக்கியபோது, அவருடைய புதல்வியர் பாடியும் வீணை வாசித்தும் அதை நிரூபித்துக் காட்டினர். 1919 ஆகஸ்டில் அவர் மறைந்தார். எழுதி முடித்து அச்சேறாமல் கிடந்த ‘கருணாமிர்த சாகர’த்தின் இரண்டாம் பகுதியை, பரோடாவில் பங்குகொண்ட புதல்வியரில் ஒருவரான மரகதவல்லியே 1946இல் பதிப்பித்து வெளியிட்டார். மகன் வரகுணபாண்டியன் 1950இல் ‘பாணர் கைவழி’ என்ற யாழ் ஆராய்ச்சி நூலைத் தந்தார்.