மிஸ்டகோகியா

கிரேக்கச் சொல். ‘மிஸ்டேஸ்’ என்றால் மறைபொருளுக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். ‘அகோ’ என்றால் அழைத்துச் செல்கிறேன். கிரேக்கச் சமயச் சடங்குகளில் வழங்கிய இச்சொல்லைத் திருச்சபை தனதாக்கிக்கொண்டது. பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் பெற்ற புதியவர்களுக்கு, தாங்கள் பெற்றது என்ன என்று உணர்த்தும் வழிகாட்டலே மிஸ்டகோகியா.

இதில் வரிசை முக்கியம்: முதலில் அனுபவம், பிறகுதான் விளக்கம். நான்காம் நூற்றாண்டில் அருளடையாளங்களின் உட்பொருளைத் திருமுழுக்குப் பெறாதவர்களிடம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தவக்காலம் முழுவதும் ஆயத்தம் செய்தவர்கூட, தண்ணீரில் இறங்கி எழுந்த பிறகே அதன் பொருளைக் கேட்டார். எருசலேமில், இயேசுவின் கல்லறை மேல் எழுந்த கோயிலிலேயே பாஸ்கா வாரத்தில் இந்த உரைகள் நிகழ்ந்தன. கேட்டவர்களின் ஆரவாரம் கோயிலுக்கு வெளியிலும் ஒலித்தது என்று எகேரியா என்ற பெண் பயணி எழுதிவைத்திருக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் ஆரவாரம்! அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கம் வருகிறது. எருசலேம் ஆயர் புனித சிரிலின் பெயரில் வழங்கும் ஐந்து உரைகள் அங்கிருந்து கிடைத்தவை. மிலான் நகரில் புனித அம்புரோசும் இவ்வாறே கற்பித்தார்.

பின்னர் இவ்வழக்கம் தேய்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விருப்பப்படி 1972இல் வெளிவந்த சடங்குமுறை அதற்கு மீண்டும் இடம் தந்தது. இன்று அது தூய ஆவி பெருவிழா வரையிலான பாஸ்கா காலத்துக்குரியது. புதியவர்கள் ஞாயிறு திருப்பலியில் ஞானப்பெற்றோரோடு சேர்ந்து அமர்கிறார்கள். ஆனால் பல பங்குகளில் விழா இரவோடு அவர்களைத் தனியே விட்டுவிடுகிறோம். கேள்விகள் எழுவதோ அதற்குப் பிறகுதான்.