கரையோரக் கடலும் எதிரொலியும்

எங்கள் லிசேயில் பௌதிகம் பிரெஞ்சில்தான். குவார்ட்ஸ் கல்லை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் க்யூரி சகோதரர்கள் கண்டதை மனப்பாடம் செய்தோம். அந்தக் கல் கடலுக்குள் போன கதை பாடத்தில் இல்லை.

பியேர் க்யூரியின் மாணவர் போல் லான்ஜ்வேன். முதல் உலகப் போரில் அதே கல்லுக்கு மின்சாரம் கொடுத்து அதிரவைத்தார். காதுக்கு எட்டாத ஒலி நீரில் பாய்ந்தது. 1918இல், துலோனில், நீர்மூழ்கிக் கப்பலில் பட்டுத் திரும்பிய எதிரொலி கிடைத்தது. (துலோன் என்றால் எங்கள் ஊர் சொல்தா குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) பிரிட்டிஷ்காரர்கள் இதை வளர்த்து 'ஆஸ்டிக்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆழ்கடலில் அது நல்ல கருவி. ஆழம் குறைந்த இடத்தில்தான் வம்பு. அங்கே ஒலி தரையில் மோதும், மேலே அலையில் மோதும். மணல், பாறை, சிப்பி எல்லாமே ஆளுக்குக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இந்த முழக்கத்தில் நீர்மூழ்கியின் எதிரொலி அமுங்கிப்போகும். சத்தத்தைக் கூட்டினால் தீருமா? தீராது. முழக்கமும் அதே அளவு கூடும். பெரிய மாதா கோயிலில் சாமியார் உரக்கப் பேசப் பேச ஒன்றும் விளங்காதே, அப்படித்தான்.

நகரும் நீர்மூழ்கியென்றால் எதிரொலியின் சுருதி சற்று மாறும். காது பழகியவன் பிடித்துவிடுவான். தரையில் படுத்துவிட்டால் அதுவும் இல்லை. 1944இல் இங்கிலீஷ் கால்வாயில் ஜெர்மானியர்கள் இதைத்தான் செய்தார்கள். இரண்டு போர்களில் மூழ்கிய கப்பல்கள் அங்கே ஏராளம். எது பழைய இரும்பு, எது உயிருள்ள எதிரி என்று எப்படித் தெரியும்? பழைய சிதைவுகள் மீதும் குண்டு போட்டார்கள்.

யு-480 என்ற நீர்மூழ்கி, எதிரொலியைக் குறைக்க உடம்பெல்லாம் ரப்பர் போர்த்தியிருந்தது. 1944 ஆகஸ்ட் 21இல் அது அடித்த கனடாவின் ஆல்பெர்னி ஒரு நிமிடத்துக்குள் மூழ்கியது. 59 பேர் இறந்தார்கள். மறுநாள் லாயல்டி என்ற பிரிட்டிஷ் கப்பல்.

கடைசியில் அதை வீழ்த்தியது ஒலி அல்ல. மேலே போகும் கப்பல்களைத் தொடாதபடி ஆழத்தில் கட்டிவைத்த கண்ணிவெடி. 1945இல் அதில் மாட்டியது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. சிதைவு கிடைத்தது 1998இல்.