மரணப் படுக்கையைச் சுற்றி நின்றவர்கள்

உயிர் பிரியும் நிலையில் ஓர் இளம்பெண் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். செவிலி தூக்கிப் பிடித்த குழந்தை தாயை முத்தமிடுகிறது. அவளைப் பெற்ற தந்தையோ, அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்! ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் தைலவண்ணத்தில் தீட்டி, 1745ஆம் ஆண்டு அச்சுப் படமாகவும் வெளியிட்ட காட்சி இது.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1735இல், அவர் மற்றோர் உலோபியின் வீட்டைக் காட்டியிருந்தார். தந்தை இறந்த துக்கத்திற்காகச் சுவரில் கருந்துணி மாட்டுகிறார்கள். கூரையோரம் ஒளித்துவைத்த பொற்காசுகள் உதிர்கின்றன. வாரிசாகிய மகன் புத்தாடைக்கு அளவு கொடுத்து நிற்க, அவன் பின்னால் வழக்கறிஞர் காசைத் திருடுகிறார்.

இந்த நையாண்டியை நீர்வண்ணத்திற்குக் கொண்டுவந்து வளர்த்தவர்களுள் தாமஸ் ரௌலண்ட்ஸன் முதன்மையானவர். பேனாவால் விரைந்து கோடிழுத்து, மெல்லிய வண்ணம் பூசுவது அவர் முறை. 1814 முதல் 1816 வரை ஆக்கர்மன் என்னும் பதிப்பாளர் 24 மாதப் பகுதிகளாக வெளியிட்ட ‘ஆங்கில மரண நடனம்’ என்னும் நூலுக்காக அவர் 72 காட்சிகளை வரைந்தார். எலும்புக்கூடாக வரும் மரணம் உலோபியையும் சூதாடியையும் போலி வைத்தியனையும் தேடிச் செல்கிறது. ‘தேனிலவு’ என்னும் காட்சியில், முதிய கணவரின் அருகில் அமர்ந்த இளம் மனைவி, அவர் அறியாமல் வேறொருவனிடம் கையை நீட்டுகிறாள். கிழவரின் முடிவுக்காக மரணம் மட்டுமா காத்திருக்கிறது?

மரணத்தை இவ்வாறு நகைப்புக்குரிய பொருளாக்கியது எது? அக்கால ஆங்கிலச் சட்டமே பெரும் காரணம் எனலாம். நிலபுலன்கள் பெரும்பாலும் மூத்த மகனைச் சேரும்படி கட்டப்பட்டிருந்தன. அவ்வாறு கட்டப்படாத சொத்தை உயில் எழுதுபவர் தாம் விரும்பியவருக்கு அளிக்கலாம். பெற்ற பிள்ளையையும் வெறுங்கையோடு அனுப்பலாம். உயிலில் புறக்கணிக்கப்பட்ட குடும்பத்தாருக்குச் சொத்திலிருந்து பராமரிப்பு வழங்கும் அதிகாரம் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீதிமன்றங்களுக்குக் கிட்டியது. ஆகவே, நடுங்கும் விரல்கள் இடும் கடைசிக் கையொப்பம் பலருடைய வாழ்வை நிர்ணயித்தது. பாசத்தால் வந்தவர் யார், பணத்திற்காக வந்தவர் யார் என்பதைப் படுத்திருப்பவராலும் பிரித்தறிய முடியவில்லை.

ரௌலண்ட்ஸன் இதைத் தொலைவில் நின்று பார்த்தவரல்லர். தந்தையார் வணிகத்தில் நொடித்துப்போனபின் அவரை ஆதரித்து வளர்த்த உறவினராகிய ஒரு பெண்மணி, 1789இல் இறந்தபோது தம் செல்வத்தை அவருக்கு விட்டுச் சென்றார். சூதாட்ட மேசை அதை விழுங்கியது. பின்னர் அவருக்குச் சோறு போட்டது பேனாவும் தூரிகையுமே. ‘மரண நடனத்திற்கு’ச் செய்யுள் எழுதிய வில்லியம் கூமும் இளமையில் கிடைத்த மரபுரிமைப் பொருளைக் கரைத்துவிட்டுக் கடனாளிச் சிறையின் எல்லைக்குள் நெடுங்காலம் வாழ்ந்தவர்.

வாரிசுகளின் பேராசையைப் பார்த்துச் சிரித்த அவ்விருவரும் ஒரு காலத்தில் வாரிசுகளாக இருந்து, கைக்கு வந்ததைக் காக்கத் தவறியவர்கள். சவப்பெட்டியின் அருகில் நிற்கும் மனிதரை அவர்கள் அவ்வளவு துல்லியமாக அறிந்திருந்ததில் வியப்பென்ன?